ஸ்டைவசன்ட் சீட்டு வேற, காலேஜ் சீட்டு வேற: குவீன்ஸ் தமிழ் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஃப்ளஷிங், பெல்லரோஸ், க்ளென் ஓக்ஸ், ஜாக்சன் ஹைட்ஸ்னு குவீன்ஸ் முழுக்க இருக்கிற நம்ம தமிழ் அப்பா அம்மாக்களுக்கு இத எழுதறேன். அதுலயும் பிள்ளைங்க ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக்னு பரீட்சை எழுதி சேர்ற இந்த மூணு அரசாங்க ஹைஸ்கூல்ல ஏதாவது ஒண்ணுல படிக்கிறவங்களுக்கும், எப்படியாவது அங்க சேர்த்துடணும்னு அஞ்சாங்கிளாஸ்லயே பிள்ளைய சனி ஞாயிறு கோச்சிங்கு அனுப்பிட்டு இருக்கிறவங்களுக்கும். எம்பொண்ணு ஸ்டைவசன்ட்ல நாலு வருஷம் படிச்சு முடிச்சவ, இப்ப பிங்ஹாம்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில படிக்கிறா. அதனால வெளிய நின்னு வேடிக்கை பார்த்துட்டு பேசறேன்னு யாரும் நினைக்க வேணாம்.

மார்ச் கடைசியில ஹார்வர்ட், ப்ரின்ஸ்டன், கார்னெல் மாதிரி ஐவின்னு சொல்ற எட்டு பெரிய தனியார் காலேஜும் ஒரே நாள் சாயங்காலம் ரிசல்ட் விடுவாங்க இல்லையா, அடுத்த வாரமே நம்ம ஆளுங்க மத்தியில ஒரு லிஸ்ட் சுத்த ஆரம்பிச்சிடுது. இந்த வருஷம் ஸ்டைல (ஸ்டைவசன்ட்லதான்) இருந்து யார் பிள்ளைக்கு ஹார்வர்ட், யாருக்கு எம்ஐடி, யாருக்கு கார்னெல். பௌன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயில் கேன்டீன்ல தோசைக்கு வரிசையில நிக்கறப்பவும் அதே பேச்சு. சித்திரைத் திருநாள் விழா மேடையிலயும் அதே பேரு. லிஸ்ட்ல பேரு இருக்கிற பிள்ளைங்களுக்கு மனசார வாழ்த்து, அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, ராப்பகலா உழைச்ச பிள்ளைங்க. ஆனா லிஸ்ட்ல இல்லாத பிள்ளைங்கதான் எண்ணிக்கையில பல மடங்கு அதிகம், அவங்களப் பத்தி யாரும் வாயத் திறக்கறது இல்ல. அந்த லிஸ்ட்ட வச்சுத்தான் சின்ன பிள்ளைங்களோட அப்பா அம்மா, ஸ்டைல கிடைச்சா ஐவி பாதி உறுதின்னு கணக்கு போட்டு கோச்சிங்கு பணம் கட்டறாங்க. அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்புன்னு சொல்லத்தான் இந்த மடல்.

முதல்ல ஒண்ணு யோசிச்சு பாருங்க. வருஷா வருஷம் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க 25,000 பேருக்கு மேல எஸ்எச்எஸ்ஏடிங்கற அந்த ஹைஸ்கூல் நுழைவுப் பரீட்சைய எழுதறாங்க. இந்தப் பரீட்சைய வச்சு சேர்க்கற எட்டு ஸ்கூலுக்கும் சேர்த்து சீட் குடுக்கறது ஏறக்குறைய 4,000 பேருக்கு, அதுல ஸ்டைவசன்டுக்கு மட்டும் எண்ணூறு பேர் பக்கம். மார்க்கையும் பிள்ளை போட்ட விருப்ப வரிசையையும் மட்டும்தான் பார்ப்பாங்க, வேற எதுவும் கிடையாது. அதுலயும் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், டெக் இந்த மூணுக்கும் பரீட்சை மட்டுமே வழின்னு 1971ல அல்பனியில, நம்ம மாநில சட்டசபையில போட்ட ஹெக்ட் கலண்ட்ரா சட்டம் சொல்லுது. அப்ப உள்ள போறப்பவே நகரத்துலயே நல்லா பரீட்சை எழுதற பிள்ளைங்களா வடிகட்டி எடுத்தாச்சு. நாலு வருஷம் கழிச்சு அதுல சில பேர் பெரிய காலேஜ் போனா, அது ஸ்கூல் செஞ்சதா, இல்ல அந்த பிள்ளைங்க எங்க படிச்சிருந்தாலும் போயிருப்பாங்களா? இந்தக் கேள்விய நம்ம யாரும் கேக்கறதே இல்ல.

ஆனா கேட்டவங்க இருக்காங்க. வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர்னு ரெண்டு எகனாமிஸ்ட், நம்ம நியூயார்க்கோட இதே மூணு ஸ்கூல எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2014ல வெளியிட்டாங்க. பண்ணின விதம் ரொம்ப நேர்மையானது. கட்ஆஃபுக்கு ஒண்ணு ரெண்டு மார்க் மேல வந்து சீட் வாங்கின பிள்ளைங்களையும் ஒண்ணு ரெண்டு மார்க்ல தவற விட்ட பிள்ளைங்களையும் பக்கத்துல வச்சு பார்த்தாங்க. அந்த ரெண்டு கூட்டத்துக்கும் திறமையில வித்தியாசமே இல்ல, ஒரு கணக்க சரியா போட்டதும் போடாததும்தான். அப்புறம் இவங்க எல்லாம் காலேஜ் போனாங்களா, முடிச்சாங்களா, எந்தத் தரத்து காலேஜ்னு பார்த்தா, ரெண்டு பக்கத்துக்கும் பெருசா எந்த வித்தியாசமும் இல்ல. உள்ள போனவங்க தன்னைவிட நல்லா படிக்கிற கூட்டத்தோட உக்காந்து படிச்சது உண்மை, ஆனா காலேஜ் விஷயத்துல அது எதையும் மாத்தல. அதே 2014ல அப்துல்கதிரோலு, ஆங்ரிஸ்ட், பதக்னு மூணு பேர் பாஸ்டன், நியூயார்க் ரெண்டு ஊர் எக்ஸாம் ஸ்கூலையும் பார்த்து கிட்டத்தட்ட இதே முடிவுக்குத்தான் வந்தாங்க. அதுல ஜோஷுவா ஆங்ரிஸ்டுக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சுது, இப்படி காரணத்தையும் விளைவையும் பிரிச்சு பாக்கற முறைகளுக்காகத்தான்.

இதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லிடறேன். இந்த ஆராய்ச்சி கட்ஆஃப் பக்கத்துல இருக்கிற பிள்ளைங்கள பத்தினது. கட்ஆஃபுக்கு ரொம்ப மேல வந்த பிள்ளைக்கு அந்த ஸ்கூல் என்ன செய்யுதுன்னு இத வச்சு சொல்ல முடியாது. ஸ்டைவசன்ட் கட்ஆஃப்ல தவறினவங்கள்ல நிறைய பேர் பிராங்க்ஸ் சயின்ஸ் போயிடுவாங்க, அதனால அங்க வித்தியாசம் கம்மியா தெரியறதுல ஆச்சரியம் இல்ல. ஆனா மூணு ஸ்கூலோட கட்ஆஃபையும் தனித்தனியா பார்த்திருக்காங்க. நம்ம வீட்டுல வருஷா வருஷம் அழுகை நடக்கறதும் அந்த கட்ஆஃப் பக்கத்துலதான? மூணு மார்க்ல போச்சேன்னு ஒரு பதிமூணு வயசு பிள்ளை சாப்பிடாம படுத்து கிடக்குது, அம்மா அப்பா முகத்த தூக்கி வச்சுட்டு இருக்காங்க. அந்த மூணு மார்க் அந்த பிள்ளையோட காலேஜ தீர்மானிக்கலன்னு அவ்ளோ தெளிவா ஆதாரம் இருக்கு. தயவு செஞ்சு அத அந்த பிள்ளைகிட்ட சொல்லுங்க. டவுன்சென்ட் ஹாரிஸ் நம்ம ஃப்ளஷிங்லயே இருக்கு, குவீன்ஸ் காலேஜ் வளாகத்துல, எஸ்எச்எஸ்ஏடியே வேணாம். ஜமைக்காவுல யார்க் காலேஜ் வளாகத்துல இருக்கிற சயின்ஸ் ஸ்கூலும் அந்த எட்டுல ஒண்ணுதான், வீட்டுல இருந்து பஸ்லயே போயிடலாம், ஆனா நம்ம ஆளுங்க வாயில அது பேரே வராது.

சரி, உள்ள போயாச்சு. அங்க என்ன நடக்குது? ஒரு காலேஜ் அட்மிஷன் ஆபீசர் நம்ம பிள்ளையோட அப்ளிகேஷன உலகத்துல இருக்கிற எல்லா பிள்ளையோடயும் வச்சு படிக்கிறது இல்ல. நியூயார்க் பகுதிக்குன்னு ஒரு ஆள் இருப்பாரு, அவரு கையில ஸ்கூல் ப்ரொஃபைல் இருக்கும், அந்த ஸ்கூல்ல என்னென்ன கோர்ஸ் இருக்கு, மார்க் எல்லாம் எப்படி பரவி இருக்குன்னு அதுல தெரியும். அப்ப ஒரே ஸ்கூல்ல இருந்து வர்ற நூத்துக்கணக்கான பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் படிக்கப்படறாங்க. உங்க பையன் 95 ஆவரேஜ் வச்சிருக்கான், வேற எந்த ஸ்கூல்லயும் அவன் முதல் வரிசைதான், ஆனா இங்க 97 வச்சிருக்கவன் அதே கேல்குலஸ் பிசி, அதே பிசிக்ஸ் சின்னு காலேஜ் லெவல் பாடம் எடுத்துட்டு பக்கத்து பெஞ்சுல இருக்கான். இதுல பையன் சோம்பேறின்னு அர்த்தம் இல்ல, எடம் அப்படி.

எடம் எவ்ளோன்னும் பாருங்க. 2024ல ஹார்வர்டுக்கு 54,008 பேர் அப்ளை பண்ணி 1,937 பேருக்கு கிடைச்சுது. நூத்துக்கு நாலு பேர் கூட இல்ல. அந்த 1,937லயும் எல்லா எடமும் நம்ம பிள்ளைங்களுக்கு திறந்து கிடக்கல. அட்மிஷன்ல ரேஸ், அதாவது இனம் பாக்கலாமான்னு ஹார்வர்ட் மேல போட்ட கேஸ் கோர்ட்டுல நடந்தப்ப வெளிய வந்த ரெக்கார்ட வச்சு பார்த்தா, எடம் கிடைச்ச வெள்ளைக்கார பிள்ளைங்கள்ல நூத்துக்கு 43 பேருக்கு மேல ஸ்போர்ட்ஸ் ஆட்கள், அப்பா அம்மா அங்கயே படிச்சவங்க, நன்கொடை குடுத்த குடும்பம் மாதிரி டீன் தனியா வச்சிருக்கிற லிஸ்ட்ல இருக்கிறவங்க, இல்ல அங்க வேலை பாக்கற ப்ரொபசரோட பிள்ளைங்க. 2023 ஜூன் 29ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து ரேஸ் பாக்கறது போச்சு, ஆனா இந்தக் கதவு எல்லாம் நிறைய தனியார் காலேஜ்ல அப்படியேதான் இருக்கு. அதே 2023ல எகனாமிஸ்ட் ராஜ் செட்டியும் டெமிங், ஃப்ரீட்மேன்னு இன்னும் ரெண்டு பேரும் காட்டினாங்க, எஸ்ஏடி மார்க் ஒண்ணா இருந்தாலும் மேல்தட்டு ஒரு சதவீத பணக்கார வீட்டு பிள்ளைக்கு நடுத்தர வீட்டு பிள்ளைய விட ஐவி மாதிரி காலேஜ்ல சேர ரெண்டு மடங்குக்கு மேல வாய்ப்பு இருக்கு. இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் ரிசல்ட் வந்த ராத்திரி பிள்ளைய உக்கார வச்சு நீ எங்க கோட்டை விட்டன்னு கேக்கறது நியாயமா சொல்லுங்க? பதினேழு வயசு பிள்ளை அதுக்கு என்னன்னு பதில் சொல்லும்?

எனக்கு தெரிஞ்ச ஒரு பையன பத்தி சொல்றேன், பேரு ஊரு எதுவும் வேணாம். டெக்ல படிச்சவன், அப்பா கடையில நிக்கறாரு, அம்மா ஹோம் கேர் வேலை. சிட்டி காலேஜ்ல, நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கான மகாலே ஆனர்ஸ் ப்ரோக்ராம் கிடைச்சுது, ட்யூஷன் ஃபீஸ் முழுக்க இல்ல. நல்ல சேதி இல்லையா அது? ஒரு பொறந்த நாள் விசேஷத்துல ஒரு ஆன்ட்டி கேட்டாங்க, என்னப்பா எங்க கிடைச்சுதுன்னு. அவன் சொல்றதுக்கு முன்னாடி அவங்கப்பா குறுக்க வந்து இன்னும் வெயிட்லிஸ்ட் பாத்துட்டு இருக்கோம்மான்னாரு. பையன் கையில இருந்த கேக் தட்ட மேஜையில வச்சுட்டு, ஸ்பூன நேரா வச்சான், அப்புறம் மறுபடி எடுத்து இன்னும் நேரா வச்சான். தலைய தூக்கவே இல்ல. வெயிட்லிஸ்ட் எதுவும் கிடையாது, எல்லா பதிலும் வந்தாச்சு. அப்பா மேல எனக்கு கோவம் வரல, அவரு பிள்ளைய ரொம்ப நேசிக்கிற மனுஷன். நம்ம எல்லாரும் சேர்ந்து அவர அப்படி ஒரு பொய் சொல்ல வச்சிருக்கோம், அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

அந்த சிட்டி காலேஜ பத்தி நம்மளுக்கு என்ன தெரியும்? ஹார்லம்ல கான்வென்ட் அவென்யூவுல இருக்கு. இன்டெல் கம்பெனிய வளத்த ஆண்ட்ரூ க்ரோவ் ஹங்கேரியில இருந்து அகதியா வந்து அங்கதான் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சு 1960ல முடிச்சாரு. பின்னாடி அமெரிக்காவோட வெளியுறவு மந்திரியான காலின் பவல் அங்க படிச்சவரு. அது சேர்ந்திருக்கிற சிட்டி யுனிவர்சிட்டில, அதாவது கியூனியில, 1976 வரைக்கும் ட்யூஷனே கிடையாது, அகதிக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் கதவு திறந்து வச்சிருந்த எடம். இப்பவும் நாலு வருஷ கியூனி காலேஜ்ல நியூயார்க் பிள்ளைக்கு வருஷத்துக்கு 6,930 டாலர், சூனிங்கற மாநில யுனிவர்சிட்டியில 7,070 டாலர். தனியார் காலேஜ் சில இடத்துல தங்கற செலவோட வருஷம் 90,000 டாலர தொட்டாச்சு. 2017ல நியூயார்க் டைம்ஸ்ல டேவிட் லியன்ஹார்ட் ராஜ் செட்டி குழுவோட கணக்க வச்சு எழுதினாரு, ஏழைக் குடும்பத்துல இருந்து வந்து நடுத்தரத்துக்கோ அதுக்கு மேலயோ போன பிள்ளைங்க எண்ணிக்கையில, எட்டு ஐவியும் டியூக், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட், சிகாகோ எல்லாம் சேர்த்தாலும் கியூனி அத விட ஏறக்குறைய ஆறு மடங்குன்னு. இந்த காலேஜோட பேர சொல்லத்தான் நம்ம பையன் தலை குனிஞ்சு நின்னான்.

அதுக்காக ஐவிக்கு அப்ளையே பண்ணாதீங்கன்னு நான் சொல்லல, அப்படி யாரும் எடுத்துக்காதீங்க. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பேர் 2002ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒரே மாதிரி காலேஜ்களுக்கு அப்ளை பண்ணி ஒரே மாதிரி எடம் கிடைச்ச பிள்ளைங்கள்ல, ரொம்ப செலக்டிவ் காலேஜ் போனவனும் போகாம வேற எங்கயோ படிச்சவனும் பிற்காலத்துல கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சம்பாதிச்சாங்க. ஆனா வசதி கம்மியான வீட்டு பிள்ளைங்களுக்கு மட்டும் பெரிய காலேஜ் போனது நல்லாவே உதவியிருக்கு. செட்டி ஆளுங்க சொன்னதும் இதோட சேர்த்து பார்க்கணும்: சராசரி சம்பளத்துல வித்தியாசம் பெருசா இல்ல, ஆனா உச்சியில இருக்கிற ஒரு சதவீதத்துக்குள்ள போறதுக்கும் சில பெரிய கம்பெனி வேலைக்கும் அந்த காலேஜ் பேரு நிஜமாவே வழி விடுது. அதனால டாக்ஸி ஓட்டறவர் பிள்ளை, கடையில நிக்கறவர் பிள்ளை கண்டிப்பா அப்ளை பண்ணணும். ப்ரின்ஸ்டன் 2001லயே உதவித்தொகையில கடன் வைக்கறத நிறுத்திடுச்சு. எம்ஐடியும் ஹார்வர்டும் 2025ல சேர்ற பிள்ளைங்கள்ல இருந்து வருஷ வருமானம் 200,000 டாலருக்கு கீழ உள்ள சாதாரண சொத்து உள்ள குடும்பத்துக்கு ட்யூஷன் இல்லன்னு அறிவிச்சாங்க. இந்த விஷயம் நம்ம கூட்டத்துல யாருக்கு தெரியணுமோ அவங்களுக்கு தெரியாம, ரெண்டு பேரும் ஐடி வேலையில இருக்கிற வீட்டுலதான் சுத்திட்டு இருக்கு. நம்மளோட அக்கறை போக வேண்டிய எடம் அது.

கார்னெல் விஷயம் இன்னும் ஒண்ணு. அங்க விவசாயம் லைஃப் சயின்ஸ் காலேஜ், ஹ்யூமன் எகாலஜி, தொழிலாளர் உறவு பத்தி படிக்கிற ஐஎல்ஆர் மூணுலயும் நியூயார்க் மாநிலத்து பிள்ளைக்கு ட்யூஷன் கம்மி, மாநிலம் பணம் குடுக்கற காலேஜ் அதெல்லாம். விவசாயம்னு பேரு இருக்குன்னு நம்ம ஆளுங்க ஒதுக்கிடறாங்க, உள்ள பயாலஜி, இன்ஃபர்மேஷன் சயின்ஸ் எல்லாம் இருக்கு. ஸ்டோனி புரூக்குக்கு 2023ல சைமன்ஸ் ஃபவுண்டேஷன் 500 மில்லியன் டாலர் குடுத்தாங்க, நோபல் வாங்கின சி.என். யாங் பல வருஷம் பிசிக்ஸ் சொல்லிக் குடுத்த யுனிவர்சிட்டி அது, லாங் ஐலண்ட் ரயில்லயே போயிடலாம்.

இப்ப ஸ்டைவசன்ட் பக்கமே திரும்ப வரேன், ஏன்னா அந்த ஸ்கூல் மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு, இந்த மடல படிச்சுட்டு அங்க போகவே வேணாம்னு யாராவது முடிவு பண்ணினா அது எனக்கு வருத்தம். எம்பொண்ணு காலையில ஃப்ளஷிங்ல ஏழாம் நம்பர் ட்ரெயின் ஏறி டைம்ஸ் ஸ்கொயர்ல மாறி சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்ல இறங்குவா. வெஸ்ட் ஸ்ட்ரீட்டுக்கு மேல இருக்கிற பாலத்துல நடந்து போனா நேரா ரெண்டாவது மாடியில ஸ்கூலுக்குள்ள போயிடலாம், பத்து மாடி, எஸ்கலேட்டர், ஜன்னல் பக்கம் போனா ஹட்சன் ஆறு. ரோபாட்டிக்ஸ் டீம் 694ல சேர்ந்து ஒரு கியர்பாக்ஸ் ஏன் மாட்டிக்குதுன்னு கண்டுபிடிக்க ராத்திரி எல்லாம் உக்காந்திருப்பா, வீட்டுக்கு வந்தா நகத்துல கிரீஸ் இருக்கும், சாப்பாடு போடறப்ப நான் திட்டுவேன். பங்களாதேஷ் பிள்ளை, சீன பிள்ளை, உஸ்பெக் பிள்ளைன்னு அவளுக்கு சேர்ந்த ஃப்ரெண்ட்ஸ் இன்னிக்கும் இருக்காங்க. அந்த ஸ்கூல்ல ஏறக்குறைய பாதி பிள்ளைங்க வசதி கம்மியான வீட்டு பிள்ளைங்க, அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதவங்க நிறைய. தன்ன விட கெட்டிக்காரங்க நூறு பேர் இருக்காங்கன்னு பதினாலு வயசுல தெரிஞ்சுகிட்டதும், அது பரவாயில்லன்னு அப்புறம் புரிஞ்சுகிட்டதும் அவளுக்கு அங்க கிடைச்சதுதான். இதெல்லாம் வேணும்னு பிள்ளை ஆசைப்பட்டா அனுப்புங்க, ரயில் நேரத்தையும் தூக்கத்தையும் கணக்குல வச்சுக்கிட்டு அனுப்புங்க. காலேஜுக்காகன்னு மட்டும் அனுப்பாதீங்க, ஏன்னா ரிசல்ட் வர்ற அன்னிக்கு அந்த நாலு வருஷமும் வீணா போச்சுன்னு அந்த பிள்ளைக்கு தோணிடும். நாலு வருஷ சந்தோஷத்த ஒரு சாயங்காலம் அழிச்சுட்டு போறத நான் வேற வீடுங்கள்ல பார்த்திருக்கேன்.

இன்னொரு விஷயம், நம்மள்ல சில பேருக்கு இது பிடிக்காது. 2018ல மேயர் டி ப்ளாசியோ பரீட்சைய எடுத்துட்டு ஒவ்வொரு மிடில் ஸ்கூல்ல இருந்தும் மேல வர்ற பிள்ளைங்களுக்கு சீட் குடுக்கலாம்னு சொன்னப்ப ஆசியப் பெற்றோர் நிறைய பேர் எதிர்த்தோம், அல்பனியில அது நிறைவேறல. பரீட்சை இருக்கணும்னுதான் நானும் இன்னிக்கு வரைக்கும் நினைக்கிறேன். ஆனா 2019ல ஸ்டைவசன்ட் குடுத்த 895 சீட்டுல கறுப்பின பிள்ளைங்க 7 பேருதான். பரீட்சை நியாயமானதுன்னு மைக் பிடிச்சு பேசற நம்மளுக்கு அந்த 7ங்கற நம்பர் உறுத்தணும். அந்தப் பிள்ளைங்க படிக்கிற மிடில் ஸ்கூல்ல ஒழுங்கா அல்ஜீப்ரா நடத்த ஆள் இருக்கா, இப்படி ஒரு பரீட்சை இருக்குன்னு யாராவது அந்த வீட்டுக்கு சொன்னாங்களான்னு நம்மளும் சேர்ந்து கேக்கணும். சீட்டுன்னா காலேஜுக்கு டிக்கெட்னு நினைக்கிற வரைக்கும் நம்ம பங்க விட்டுக் குடுக்க மாட்டோம்னு கைய இறுக்கி வச்சுக்கத்தான் தோணும். டிக்கெட் இல்ல, அது ஒரு நல்ல ஸ்கூல், அவ்ளோதான்னு புரிஞ்சா இந்தப் பேச்சு நம்மளுக்கும் கொஞ்சம் சுலபமா வரும்.

இப்ப என் கோரிக்கைக்கு வரேன். விழா நடத்தற சங்கத்துக்காரங்களுக்கு முதல்ல: ஜூன்ல ஹைஸ்கூல் முடிக்கிற பிள்ளைங்கள மேடையில ஏத்தறப்ப எல்லாரையும் ஏத்துங்க. ஸ்டைவசன்டா இருந்தாலும் பேசைட் ஹைஸ்கூலா இருந்தாலும், எம்ஐடியா இருந்தாலும் குவீன்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜா இருந்தாலும் ஒரே மாதிரி பேரு, ஒரே மாதிரி பொன்னாடை. காலேஜ் பேரே வாசிக்க வேணாம், என்ன படிக்கப் போறாங்கன்னு வாசிங்க. பையன் நர்சிங் படிக்கப் போறான், பொண்ணு சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போறாங்கறது கூட்டத்துக்கு போதும்.

பெரிய பிள்ளைங்களோட அப்பா அம்மாக்களுக்கு: லிஸ்ட் வேணும்னா முழு லிஸ்ட் போடுங்க. எங்க அப்ளை பண்ணினாங்க, எங்க கிடைக்கல, எங்க போறாங்க, எவ்ளோ எயிட் கிடைச்சுது, எவ்ளோ கடன் வாங்கறீங்க, இதெல்லாம் பேரு இல்லாம எழுதிக் குடுத்தா அடுத்த வருஷத்து பெற்றோருக்கு அது நிஜமான உபகாரம். பிள்ளை படிப்புக்காக அப்பா அம்மா பேர்ல எடுக்கற பேரண்ட் ப்ளஸ் லோன் வாங்கி மாட்டிக்கிட்டவங்க நம்ம நடுவுலயே இருக்காங்க, வெளிய சொல்ல கூச்சப்பட்டு அடுத்தவரும் அதுலயே விழறாரு. கிடைக்காததையும் சேர்த்து எழுதினாத்தான், ஸ்டைல 97 வச்சிருந்த பிள்ளைக்கும் எட்டு எடத்துல இல்லன்னு வந்துச்சுங்கறது மத்த பிள்ளைங்களுக்கு தெரியும், அவங்க மூச்சு விடுவாங்க.

எட்டாங்கிளாஸ் பெற்றோருக்கு: கோச்சிங்குக்கு கேக்கற பணத்தையும் பிள்ளையோட ரெண்டு வருஷ சனி ஞாயிறையும் காலேஜ் கணக்குல போடாதீங்க. பிள்ளைய ஒரு நாள் அந்த ட்ரெயின்ல கூட்டிட்டு போய் ஓப்பன் ஹவுஸ் காட்டுங்க, திரும்பி வர்றப்ப பிடிச்சுதான்னு கேளுங்க. பிடிக்கலன்னு சொன்னா அந்த பதில ஏத்துக்கங்க.

கடைசியா, வர்ற அக்டோபர் 1ல மத்திய அரசாங்க உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா ஃபார்ம் திறக்கும். அதுவும், நிறைய தனியார் காலேஜ் உதவித்தொகைக்கு கேக்கற சிஎஸ்எஸ் ப்ரொஃபைலும், மாநில உதவித்தொகைக்கான டாப் அப்ளிகேஷனும் நிரப்பறதுக்கு பாதி வீட்டுல திண்டாட்டம், கடை வச்சிருக்கிறவங்களுக்கும் கேஷ்ல சம்பளம் வாங்கறவங்களுக்கும் இன்னும் கஷ்டம். எக்செல்சியர் ஸ்காலர்ஷிப் 125,000 டாலர் வருமானம் வரைக்கும் சூனி, கியூனி ட்யூஷன பாத்துக்கும், ஆனா எத்தனை வருஷம் வாங்கினாங்களோ அத்தனை வருஷம் படிச்சு முடிச்சதும் நியூயார்க்லயே இருக்கணும், இல்லன்னா அது கடனா மாறிடும், இத தெரியாம கையெழுத்து போடாதீங்க. மகாலே அப்ளிகேஷன் மத்த காலேஜோட ரெகுலர் டெட்லைனுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், தேதிய செப்டம்பர்லயே பாத்து வச்சுக்கங்க. அக்டோபர் மாசம் ஞாயித்துக்கிழமை மதியானத்துல நானும் இன்னும் சில அம்மாக்களும் லைப்ரரியில உக்காந்து இந்த ஃபார்ம் எல்லாம் கூட இருந்து நிரப்பி குடுக்கறதா இருக்கோம். எந்த ஸ்கூல் பிள்ளையா இருந்தாலும் வரலாம். போன வருஷ டாக்ஸ் பேப்பரும் பிள்ளையோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் எடுத்துட்டு வாங்க. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, ஏன்னா அவங்க லாகின் இல்லாம ஃபாஃப்ஸா நகராது.

அன்புடன்,
ஃப்ளஷிங்ல இருந்து ஒரு அம்மா